நீ கிணற்றடியில் விழுந்தாயாம்

அன்புள்ள சேகர்,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நான் கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நேற்றுக் காலை மீன் வாங்கப் படகுத்துறை ஜெட்டிப் பக்கம் போயிருந்தேன். ஹேவ்லாக் தீவுக் கடைகளுக்குச் சரக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்த காதர் பாய், என்னைப் பார்த்ததும் தன் கடைப் பூட்டைக்கூடத் திறக்காமல், "அக்கா, தம்பி கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டாப்ல" என்றார். மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நிற்கவில்லை. வாங்கிய மீனை மீன்காரியிடமே விட்டுவிட்டு மேடேறி வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினேன். இரண்டு சேலை, தைலப் பாட்டில், ஒத்தடம் கொடுக்கும் கம்பளித் துணி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் உள்ளே போயாகிவிட்டது. நீ உட்கார்ந்து குளிக்கிற முக்காலியை, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாயே, அதைப் பெட்டிமேல் வைத்துக் கட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை போட்டில் வருகிறேன்.

நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும். கிளம்பும்போது சொன்னதையே சொல்வாய். ஃபாரஸ்ட் ஆபீஸில் கிளார்க் வேலை, ஹேவ்லாக்கில் போய்ச் சேர வேண்டும் என்று ஆர்டர் வந்த அன்றே, நானும் வருகிறேன் என்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டு சாமான் கட்டினேன். போட் ஏறுகிற இடத்தில் வைத்து, ஊரே பார்க்க, "நீ வந்தா ஆபீசுக்குப் போறது மட்டுந்தான் என் வேலை. மத்ததெல்லாம் நீ செஞ்சிருவ. அதுக்கு நான் இங்கேயே இருந்திருக்கலாம்மா" என்றாய். கத்தக்கூட இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், இரண்டு பேரும் அழுதுவிட்டுச் சேர்ந்தே போட் ஏறியிருப்போம். நீ மெதுவாகச் சொன்னாய். பெட்டியோடு திரும்பி வந்தேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், வாசலுக்குப் போனால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொடியில் கிடக்கிற துணியைத் திருப்பிப் போடுகிறேன். காய்ந்த துணியை எத்தனை முறைதான் திருப்புவது.

உன் அப்பா சாயங்காலம் சாத்தம் மர மில்லிலிருந்து ஃபெர்ரியில் வந்து, செருப்பைக் கழற்றும்போதே பெட்டியைப் பார்த்தார். "எங்க கெளம்பிட்ட?" என்றார். சொன்னேன். "அவன் கூப்பிட்டானா?" என்றார். பெற்ற பிள்ளை விழுந்து கிடக்கும்போது வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுவான் என்று காத்திருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். அவர் குளித்துவிட்டு வந்து, பேனாவையும் காகிதத்தையும் என் முன்னால் வைத்தார். "இருக்கிற ஆத்திரத்த எல்லாம் இதுல எழுது. காதர் பாய் வெயாழக்கெழம மறுபடியும் போறாரு. இதக் குடுத்து விடுறதா, நீயே போறதான்னு அன்னைக்குப் பாத்துக்குவோம்" என்றார். அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. ஆனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்ததற்கு இப்படி ஒரு பயன் வரும் என்று என்னைப் பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

உன் கால் விஷயம் உனக்குத் தெரிந்த கதைதான் என்று நீ நினைப்பாய். உனக்குத் தெரிந்தது, வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் பெருமையாகச் சொல்கிற பங்கு. மீதியைக் கேள். இந்தத் தீவுக்கு வந்து இரண்டாவது மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. நீ நடக்கப் பழகி, ஓடவும் பழகி, கோழியை விரட்டிக்கொண்டிருந்த வயது. காய்ச்சல் விட்டதும் இடது கால் துணிப்பொம்மையின் கால் போல் தொங்கியது. போர்ட் பிளேரில் டாக்டர் பார்த்துவிட்டு, இளம்பிள்ளை வாதம், மெயின்லேண்டுக்குக் கொண்டு போங்கள் என்றார். கப்பல் வருவதற்காகக் காத்திருந்த நாட்கள்தான் எனக்கு முதல் தண்டனை. காலையில் எழுந்ததும் கடலைப் பார்ப்பேன், கப்பல் இருக்காது. உன் காலைத் தேய்ப்பேன், அசையாது. அப்போதே எனக்கு இந்தச் சுபாவம் வந்துவிட்டது. சும்மா இருந்தால் உனக்கு ஏதோ ஆகிவிடும் என்கிற பயம், நான் ஏதாவது செய்துகொண்டே இருந்தால்தான் நீ பிழைத்திருப்பாய் என்கிற நினைப்பு. இன்றுவரை அது போகவில்லை.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் எக்சர்சைஸ் சொல்லித் தருவதற்கென்றே ஒரு மேடம் இருந்தார். லில்லி மேடம் என்போம். பிசியோதெரபி என்ற வார்த்தையே அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். சுடுதண்ணீரில் கம்பளித் துணியை முக்கிப் பிழிந்து காலைச் சுற்றுவது, குதிகாலைப் பிடித்துப் பாதத்தை மெதுவாக மேலே மடக்குவது, முட்டியை நீட்டி மடக்குவது, எல்லாவற்றையும் என் கையைப் பிடித்தே பழக்கினார். இடுப்பிலிருந்து பூட்ஸ் வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பரைப் போட்டு உன்னை நிறுத்தினார். நீ நின்றாய். நான் அழுதேன். மேடம் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல், "காலுக்கு என்ன செய்யணும்னு சொல்லிட்டேன். இது பாதிதாம்மா. இனிமே இவனே சாப்பிடணும், இவனே மூஞ்சி கழுவணும், டவுசரை இவனே போடணும். நேரமாகும். நீங்க பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாருங்க" என்றார். முதல் பாதியை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது பாதிக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

திரும்பி வந்து பாம்பூஃப்ளாட்டில் இந்த மேட்டு வீட்டில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நீ சிரிப்பாய். காலையிலும் மாலையிலும் உன் காலை இழுத்து நீட்டி மடக்காமல் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. நீ கத்துவாய், கடிப்பாய், என் தலைமுடியைப் பிடித்து இழுப்பாய். நான் விடமாட்டேன். ஆனால் சாப்பாடு நான்தான் ஊட்டினேன். சட்டை நான்தான் போட்டேன். நீ பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முனைந்துகொண்டிருப்பாய், நாக்கைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. எனக்கு விரல் நுனியெல்லாம் அரிக்கும். சட்டென்று குனிந்து போட்டுவிடுவேன். நீ அதை அவிழ்த்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாய். மறுபடியும் போட்டுவிடுவேன். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது யாரால் ஒரு பொத்தானுக்காகக் காத்திருக்க முடியும்?

உன் அப்பாவும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவர் பங்குக்கு ஒன்று செய்தார். மர மில்லில் வேலை, மரத்துக்கா பஞ்சம். படாக் மரத்தில் கைப்பிடிக் கட்டை இழைத்து, உன் கைக்கு எட்டுகிற உயரத்தில் வீட்டைச் சுற்றி அடித்தார். கட்டிலிலிருந்து அடுப்பங்கரைக்கு, அடுப்பங்கரையிலிருந்து பின்வாசலுக்கு, அங்கிருந்து கொல்லைக் கக்கூஸ் வரைக்கும் ஒரே கட்டை, இடைவெளியே கிடையாது. நீ அதைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கத் திரிந்தாய். "கப்பல் மாதிரி கட்டிட்டீங்களே" என்று பார்க்க வந்தவர்கள் சொன்னபோது உன் அப்பாவுக்கு இரண்டு நாள் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை. எனக்கும் பெருமைதான். யார் வந்தாலும், "சேகரு, நடந்து காட்டுப்பா" என்பேன். நீ ஒரு சுற்று வந்து காட்டுவாய்.

காலிப்பர் சின்னதாகிப் போய் மறுபடியும் மெட்ராஸ் போனோம். லில்லி மேடம் ஒரு பெரிய கூடத்தின் நடுவில் உன்னை நிறுத்தி, தான் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு, வா என்றார். நீ வரவில்லை. ஒரு கையை ஆட்டி ஆட்டிப் பக்கத்தில் எதையோ தேடினாய். அந்தக் கை காற்றில் தடவியது என் கண்ணிலேயே நிற்கிறது. பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதாய். மேடம் எங்களிடம் திரும்பி, வீட்டில் எப்படி நடக்கிறான் என்று கேட்டார். உன் அப்பா கட்டை விஷயத்தைப் பெருமையாகவே விவரித்தார். மேடம் சத்தம் போடவில்லை. "நல்ல வேலைதாங்க. ஆனா ஸ்கூல் வரைக்கும் அடிப்பீங்களா? ஃபெர்ரி உள்ளே அடிப்பீங்களா?" என்றார். திரும்பி வருகிற கப்பலில் உன் அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கட்டையைக் கழற்றும் வழியையும் மேடம்தான் சொல்லியிருந்தார். மொத்தமாகக் கழற்றக் கூடாது. ஒரு துண்டு எடுத்துவிட்டு, அந்த இடைவெளியை நீ கடந்து பழகிய பிறகு அடுத்த துண்டு. முதல் துண்டைக் கட்டிலுக்கும் அடுப்பங்கரை நிலைக்கும் நடுவில் எடுத்தார் உன் அப்பா. அவர் ஆணியைப் பிடுங்கப் பிடுங்க நான் பக்கத்தில் நின்று சண்டை போட்டேன். நீ அந்த இடைவெளிக்கு வந்தாய், நின்றாய், அடுத்த கட்டையைப் பார்த்தாய், விழுந்தாய். நான் பாய்ந்து தூக்கினேன். மறுநாளும் விழுந்தாய், மறுநாளும் தூக்கினேன். விழுந்தால் எப்படி எழுவது என்று மேடம் படிப்படியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். குப்புறத் திரும்ப வேண்டும், இரண்டு கையையும் ஊன்ற வேண்டும், நல்ல காலை மடக்கி முன்னால் வைக்க வேண்டும், ஊன்றுதடியைப் பிடித்து எழ வேண்டும், எழுந்ததும் காலிப்பரின் முட்டிப் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். உனக்கு அதைச் செய்து பார்க்க வாய்ப்பே வரவில்லை. குப்புறத் திரும்புவதற்குள் நான் தூக்கியிருப்பேன். அதில் உனக்கும் ஒரு சௌகரியம் தெரிந்துவிட்டது. விழுந்ததும் கையைத் தூக்கி எனக்குக் காட்டுவாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா என் கையில் ஃபெர்ரிக்குச் சில்லறையைக் கொடுத்து, "சாத்தம் போயிட்டு வா" என்றார். அங்கே எனக்கு என்ன வேலை என்றேன். "ஒரு வேலையுமில்ல. எறங்க வேண்டாம். போயிட்டு அதே ஃபெர்ரியில திரும்பி வா. நீ இங்க இருக்கற வரைக்கும் இவன் எந்திரிக்க மாட்டான்" என்றார். கோபத்தில்தான் போனேன். ஃபெர்ரியில் ஒரு மூலையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று சொல்வது பொய். எழுந்தேன், உட்கார்ந்தேன், ஓரத்தில் போய்ப் பாம்பூஃப்ளாட் மேட்டையே பார்த்தேன். சாத்தம் வந்தது, எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. கயிறு கட்டுகிறவர் என்னைப் பார்த்தார். திரும்பி வந்து மேடேறி ஓடினேன். நீ தரையில் உட்கார்ந்து சிப்பி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். "விழுந்தானா?" என்றேன். "விழுந்தான்" என்றார். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் என்ன, வெளயாடுறான் பாரு" என்றார். அந்த மனிதரிடம் ஒரு செய்தி வாங்குவதற்குள் உயிர் போய்விடும்.

அதிலிருந்து ஞாயிறு தோறும் எனக்கு அதுதான் வேலை. கையில் பையில்லாமல், போகிற இடமில்லாமல், கடலில் போய்த் திரும்புகிற ஒரே பெண்பிள்ளை நான்தான். "மாஜி, ஆஜ் பீ நஹி உதர்னா?" என்று அந்தக் கயிற்றுக்காரர் கேட்பார், இன்றைக்கும் இறங்கப் போவதில்லையா என்று. நஹி என்பேன். மழை கொட்டும், காற்று அடிக்கும், நான் போய்த் திரும்புவேன். புத்தி பேதலித்தவள் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பில்லை. ஒரு நாள் திரும்பி வந்தபோது நீ வாசலில் நின்றுகொண்டிருந்தாய், டவுசர் போட்டுக்கொண்டு. பலமில்லாத காலை முதலில் நுழைக்க வேண்டும், நல்ல காலை அப்புறம், கழற்றும்போது மாற்றி, என்று மேடம் சொன்ன முறையில் நீயே போட்டிருந்தாய். ஆனால் முன்பக்கம் பின்னால் இருந்தது. பொத்தானெல்லாம் முதுகுப் பக்கம். எனக்குக் கை நீண்டுவிட்டது. உன் அப்பா ஒரு பார்வை பார்த்தார். நீண்ட கையை இழுத்துக்கொண்டு, "நல்லா இருக்குய்யா" என்றேன். அன்று முழுக்க நீ அப்படியே திரிந்தாய், காதர் பாய் கடைக்கும் அப்படியே போய் மிட்டாய் வாங்கி வந்தாய். அவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இவ்வளவையும் எழுதியது உன்னைக் கரைக்க அல்ல. நான் திருந்திவிட்டவள், நம்பி என்னைக் கூட வைத்துக்கொள் என்று சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே பொய் என்று தெரிகிறது. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, ஃபெர்ரியில் ஏறி இறங்கப் பழகி, தண்ணீர் வற்றி ஃபெர்ரி தாழ்ந்து நிற்கும் நேரத்தில் ஜெட்டியிலிருந்து தடியைப் போட்டுக் குதித்து ஏறுகிற அளவுக்குத் தேறிய பிறகு, நான் மெல்ல மெல்லப் பழையபடி ஆகிவிட்டேன். படிக்கிற பிள்ளை என்று வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். பரீட்சை என்று காலிப்பருக்கு எண்ணெய் போட்டேன். அப்புறம் பரீட்சை முடிந்தும் போட்டேன். போன மாதம் வரை உன் பூட்ஸ் கயிற்றை முடிந்துவிட்டது நான்தான். நீ வேண்டாம் என்று சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டாய். அதையும் நான் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

சரி. ஒன்றிரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். உப்புக்காற்றில் காலிப்பர் மூட்டு துருப்பிடிக்கும், வாரத்துக்கு ஒரு தடவையாவது துடைத்து எண்ணெய் விடு. தோல் வார் நனைந்தால் வெயிலில் போடாதே, நிழலில் காய வை, விறைத்துப் போனால் தொடையை அறுக்கும். குளித்ததும் வார் படுகிற இடத்தில் சிவந்திருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பார். சிவந்திருந்தால் அன்றைக்குப் போடாதே, லீவு சொல். வாளியை முழுக்க நிரப்பாதே, பாதிப் பாதியாக இறைத்துக்கொள். கிணற்றடிப் பாசியைத் தேய்க்க யாரையாவது ஏற்பாடு செய். குதிகாலை நீட்டுகிற எக்சர்சைஸை நிறுத்தியிருப்பாய் என்று எனக்குச் சந்தேகம். வயதானால் தேவையில்லை என்று யார் சொன்னது? சுவரில் கை வைத்து நின்று செய்யலாம், தனி ஆளாகவே செய்யலாம்.

இதுவரை எழுதியது நேற்றும் இன்று காலையும். இனி எழுதுவது இன்று மத்தியானத்துக்குப் பிறகு. காதர் பாய் வீட்டுக்கே வந்துவிட்டார், நான் விட்டுவிட்டு வந்த மீனுக்குப் பதிலாக வேறு மீனோடு. வாசலில் நின்றுகொண்டு, "என்னக்கா, முழுசாக் கேக்காம அப்படி ஓடிட்டீங்க. நான் சொல்ல வந்ததே வேற" என்றார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நடந்தது இதுதானா என்று நீயே சரிபார்த்துக்கொள்.

"காலையில நான் அந்த வழியாத்தான் போறேன். தம்பி தண்ணி எறைச்சிட்டுத் திரும்புறாப்ல, பாசி, வழுக்கிருச்சு. வாளி ஒரு பக்கம், தடி ஒரு பக்கம். தம்பி மாசின்னு கூப்பிடுற எதுத்த வீட்டு பெங்காலி அம்மா அரே பாபுன்னு ஓடி வருது. நானும் சாக்கைப் போட்டுட்டு ஓடுறேன். தம்பி கையக் காட்டி, ருக்கோ மாசி, ருக்கோன்னுச்சு. நில்லுங்கன்னு எனக்கும் ஒரு கை காட்டுச்சு. நாங்க ரெண்டு பேரும் அப்படியே நின்னுட்டோம். தம்பி குப்புறப் பெரண்டு, கைய ஊனி, தடிய எட்டி எடுத்து, எந்திரிச்சிருச்சு. முட்டிக்கிட்ட தட்டிப் பாத்துக்கிச்சு. சிரிச்சுச்சு. அப்புறம் மறுபடியும் தண்ணி எறைச்சுச்சு, அக்கா."

"அடி பட்டுச்சா?" என்றேன்.

"முழங்கையில சிராய்ப்பு. அவ்வளவுதான். கேளுங்க, இன்னும் இருக்கு. எறைச்ச வாளிய வச்சுட்டு, அந்த அம்மாவப் பாத்து, மாசி, படி ஈரமா இருக்கு, இத மட்டும் மேல வச்சுத் தாறீங்களான்னு கேட்டுச்சு. அது சந்தோசமாத் தூக்கிட்டுப் போச்சு. தம்பி பின்னாலேயே படியில ஏறிப் போயிருச்சு. இதத்தான் சொல்ல வந்தேன். புள்ள நல்லா இருக்குக்கா."

அவர் போன பிறகு நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்தாய் என்பதில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று வந்தது. பொறாமை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த முகம் தெரியாத பெங்காலிப் பெண்பிள்ளைமேல் எனக்குப் பொறாமை. இதை மட்டும் மேலே வைத்துத் தருகிறீர்களா என்று அவளிடம் கேட்டிருக்கிறாய். என்னிடம் எதையாவது அப்படிக் கேட்டிருக்கிறாயா? மத்தியானம் முழுக்க யோசித்தேன். பிறந்ததிலிருந்து துழாவிப் பார்த்தேன். தண்ணீர் கொடு என்று கேட்ட நினைவில்லை. காலைப் பிடித்துவிடு என்று கேட்ட நினைவில்லை. நீ வாய் திறப்பதற்குள் நான் தண்ணீரோடு நின்றிருப்பேன், காலைப் பிடித்திருப்பேன், சட்டையை மாட்டியிருப்பேன். நீ கேட்காத பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். கேட்பதற்கு நான் இடமே விடவில்லை. அவள் நின்றாள். நீ நில் என்றதும் நின்றாள். அதனால் அவளுக்கு அது கிடைத்தது.

உன் அப்பா வந்தார். காதர் பாய் ஃபெர்ரியில் பார்த்து அவரிடமும் சொல்லியிருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே தேநீர் போட்டுக் குடித்தார், எனக்கும் ஒரு டம்ளர் வைத்தார். ஒரே சர்க்கரை. நானும் இரண்டு நாள் கழித்து வாயைத் திறந்து, "நாளைக்கு நான் போகலேன்னா என்ன ஆகும்?" என்றேன். "உனக்கா, அவனுக்கா?" என்றார். எனக்கு என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும்.

ஆகவே வியாழக்கிழமை நான் வரவில்லை. மனசு மாறிவிட்டது, அமைதியாகிவிட்டது என்றெல்லாம் நினைக்காதே. இதை எழுதும்போதுகூட மூன்று தரம் எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். பெட்டி இறக்கின இடத்திலேயேதான் இருக்கிறது. காதர் பாயிடம் ஊறுகாயாவது கொடுத்துவிடலாமே என்று கை போனது, தைலத்தையாவது என்று போனது. எதையும் கொடுக்கவில்லை. இந்தக் காகிதம் மட்டும்தான் வரும். விழுந்தால் எழத் தெரிந்த பிள்ளை, எதை எப்போது யாரிடம் கேட்கலாம் என்றும் தெரிந்த பிள்ளை, நன்றாக இருப்பாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் என்மேல்தான்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது, சேகர். உடம்பு எப்படி, சிராய்ப்பு ஆறிவிட்டதா என்றெல்லாம் எழுத வேண்டாம், காதர் பாய் வந்து சொல்லிக்கொள்வார். என்னிடம் ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்டு எழுது. உப்பு என்று கேட்டாலும் சரி. அவசரமில்லை, உனக்கு நிஜமாகவே ஏதாவது தேவைப்படும்போது எழுது. ஒரு மாதம் ஆனாலும் ஒரு வருஷம் ஆனாலும் நான் இந்த வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன். நீ கேட்டு, நான் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றாவது இருக்கட்டும்.

அம்மா